டொலர் ஏறியபோது பார்க்காத கணக்கு

2021ஆம் ஆண்டின் முடிவில் ஓர் அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபா. 2022 மார்ச் 7ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி நாணயமாற்று வீதத்தைப் பிடித்துவைத்திருந்த கையைத் தளர்த்தியது. மே நடுப்பகுதியில் அது 360ஐத் தொட்டுவிட்டது. அந்த ஆண்டு முடிவில் 363. 2023 முடிவில் 324. 2024 முடிவில் 293.

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் இருந்துகொண்டு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் வேலை செய்துகொடுக்கும் சிறு நிறுவனங்களின் அண்மைக்கால வரலாறு முழுவதும் இந்த ஐந்து எண்களுக்குள் கிடக்கிறது. நெல்லியடியில் ஒரு கடையின் மேல்மாடி அறை, அல்லது வீட்டு விறாந்தையின் ஒரு பக்கத்தை அடைத்து எடுத்த அறை. மூன்று நான்கு கணனிகள், மின்வெட்டுக்கு ஒரு யூ.பி.எஸ்., படிப்பு முடித்த பிள்ளைகள் நாலைந்து பேர். இணையத்தளம் அமைப்பது, வெளிநாட்டுக் கடைகளின் கணக்கை எழுதிக் கொடுப்பது, கட்டட வரைபடம் கீறுவது, காணொளி தொகுப்பது, முகநூல் பக்கத்தைப் பராமரிப்பது என்று வேலைகள். சிலர் தனியாளாக ஆலோசகராயிருந்து இதே வேலையைச் செய்கிறார்கள். மாதம் முடிய வங்கிக்குக் காசு வருகிறது, சம்பளம் கொடுபடுகிறது, மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைப் பார்த்துத் தொழில் நன்றாகப் போகிறது என்று முடிவு செய்கிறார்கள்.

இந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்று காட்டுவதற்கே இதை எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அன்றாட வேலையை நிறுத்தி, கணக்கை மேசையில் விரித்து, உள்ளதை உள்ளபடி பார்க்காத சிறு நிறுவனம் தன் சரிவை எல்லாரிலும் கடைசியாகவே அறிகிறது. அதற்குச் சான்று அந்த எண்களிலேயே இருக்கிறது.

மாதம் 1,000 டொலர் தரும் ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள்வோம். 2021 முடிவில் அவருடைய காசு 2 இலட்சம் ரூபாவாக வந்தது. 2022 முடிவில் 3 இலட்சத்து 63 ஆயிரம். 2024 முடிவில் 2 இலட்சத்து 93 ஆயிரம். மூன்று ஆண்டுக்கு முன்பிருந்ததைவிட 46 சதவீதம் கூடுதல். வங்கிப் புத்தகம் சொல்வது இவ்வளவுதான், அது பொய்யுமல்ல.

இனி விலைவாசியைப் பக்கத்தில் வைப்போம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம் என்ற உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் அது 57.2. 2023 டிசம்பரில் 4. 2024 டிசம்பரில் விலைகள் முந்திய டிசம்பரைவிட 1.7 சதவீதம் இறங்கியிருந்தன. இந்த மூன்று டிசம்பரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கிப் பார்த்தால், 2021 முடிவில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 2024 முடிவில் ஏறத்தாழ 161 ரூபா கொடுக்க வேண்டும். டொலர் ஏறியது 46. விலை ஏறியது 61. அந்த 2 இலட்சத்து 93 ஆயிரம் ரூபாவால் வாங்கக்கூடியது, 2021இல் 1 இலட்சத்து 82 ஆயிரத்தால் வாங்கியதற்குத்தான் சமம். வாடிக்கையாளர் அதே ஆள், வேலை அதே வேலை, டொலரும் அதே ஆயிரம். ஆனால் வருமானத்தின் பெறுமதியில் பதினொன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது.

கொழும்புச் சுட்டெண் கரவெட்டியின் வாழ்க்கைச் செலவை அச்சொட்டாகக் காட்டாது. நெல்லியடியில் வாடகை வேறு, சாப்பாட்டுச் செலவு வேறு. ஆனால் கணனி, மின்சாரம், இணைய இணைப்பு, மென்பொருள் சந்தா என்று இந்தத் தொழிலின் பெருஞ்செலவுகள் ஊருக்கு ஊர் மலிவதில்லை. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், ஆறு மாதத்தில், 2023 பெப்ரவரியில், மேலும் 66 சதவீதமும் ஏறியது. பின்னர் பல தடவை இறக்கினார்கள் என்றாலும் அந்த இடைக்காலத்தில் வந்த பில்களைக் கட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமானது நடுவில் இருக்கும் 2022. அந்த ஆண்டு முடிவில் அதே ஆயிரம் டொலரின் பெறுமதி, விலையேற்றத்தைக் கழித்த பிறகும், 2021ஐவிட 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. நாடு எரிபொருள் வரிசையில் நின்ற நேரத்தில், பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்ற நாட்களைக் கண்ட ஆண்டில், வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ள சிறு நிறுவனங்களின் கையில் காசு புழங்கியது. ஆட்களைச் சேர்த்தார்கள். சம்பளத்தைக் கூட்டினார்கள். கூட்டியது நியாயம், பிள்ளைகள் வாழ வேண்டும். ஆனால் எந்த வருமானத்தை நம்பிக் கூட்டினோம் என்று எழுதிவைத்தவர்கள் குறைவு. 2023இல் ரூபா 12 சதவீதமும் 2024இல் மேலும் 10.7 சதவீதமும் பலம்பெற்றது. நாட்டுக்கு அது நல்ல செய்தி. 363 ரூபாவை நம்பிக் கூட்டிய சம்பளத்தை 293 ரூபாவில் கொடுக்கிறவருக்கு அது மாதாமாதம் சிறுகச் சிறுக வரும் நட்டம். ஒரே நாளில் வந்திருந்தால் கவனித்திருப்பார். இரண்டு வருடத்தில் பரவி வந்ததால் வங்கி இருப்பு மட்டும் மெல்ல மெல்ல வற்றியது.

இந்த மண் இதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில், செத்தல் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு அது நல்ல காலமாயிற்று. கிணற்று இறைப்பில் விளைந்த மிளகாயும் வெங்காயமும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போயின. நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின, கல்வீடுகள் எழும்பின, சீதனமும் கூடவே ஏறியது. படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணி பெற்ற இளைஞர்கள் மிளகாய் நட்டார்கள். 1977 ஜூலையில் ஆட்சி மாறியது. ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுச் சரக்கு வந்திறங்க, உள்ளூர் விலை விழுந்தது.

அந்தத் தோட்டக்காரர்களின் உழைப்பில் குறை சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. விளைச்சல் அவர்களுடையது. விலை அவர்களுடையதாக இருக்கவில்லை. அது கொழும்பில் ஒரு வர்த்தமானி அறிவித்தலில் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் தொழில் மீளாய்வின் முதல் வேலை. கடந்த மூன்று மாதத்தில் வருமானம் கூடியிருந்தால், அதில் எவ்வளவு புதிய வேலையால் வந்தது, எவ்வளவு கட்டணத்தைக் கூட்டியதால் வந்தது, எவ்வளவு நாணயமாற்று வீதம் தந்தது என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். ஒவ்வொரு வரவையும் டொலரிலும் பவுணிலும் ஒரு நிரலில், ரூபாவில் இன்னொரு நிரலில் எழுதினாலே பாதி வெளிச்சம் வந்துவிடும். மூன்றாவது பங்கை நம்பி நிரந்தரச் செலவு எதையும் ஏற்கக்கூடாது.

விலையோடு நின்றுவிடுவதில்லை யாழ்ப்பாணத்தின் பாடம். ஒல்லாந்தர் காலம் தொட்டே இங்கிருந்து புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. அந்தச் சந்தைக்கென்றே பயிரிட்டுப் பதப்படுத்திய சரக்கு மலையாளப் புகையிலை என்றே பெயர் பெற்றது. தலைமுறை தலைமுறையாக ஒரே திசையில் ஒரே வாடிக்கை. திருவிதாங்கூர் இறக்குமதித் தீர்வையை ஏற்றி, அங்கத்தைய பாவனையும் மாறத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் வேறு சந்தைக்கு ஏற்ற சரக்கு இருக்கவில்லை. 1930களில் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்துச் சமாளிக்க முயன்றார்கள். சங்கம் பேரம் பேச உதவியது. இல்லாத இன்னொரு சந்தையை உண்டாக்க அதனால் முடியவில்லை.

இன்று ஒரு சிறு நிறுவனம் தன் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பெறுகிறதென்றால் அதன் நிலை அதுதான். வெளிநாட்டுத் தமிழ் வாடிக்கையாளர்கள் விடயத்தில் இதை எண்ணுவதற்கு இன்னொரு கவனமும் வேண்டும். லண்டனில் மூன்று கடைக்காரர்கள் தனித்தனியாக இன்வொய்ஸ் கட்டுவார்கள். பட்டியலில் மூன்று பெயர். ஆனால் மூவரையும் கொண்டுவந்து விட்டவர் ஒரே மைத்துனராக இருப்பார். அவர் மனம் கோணினால் மூன்றும் ஒரே மாதத்தில் போகும். ஆகவே வாடிக்கையாளர் பட்டியலை எழுதும்போது ஒவ்வொருவரும் யார் மூலம் வந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மூலங்களை எண்ணுங்கள். பத்து வாடிக்கையாளர் என்று நினைத்திருந்த இடத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று தெரியவந்தால், அன்றைய மீளாய்வுக் கூட்டத்துக்கு வேறு விடயம் தேவையில்லை.

உறவைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதன் அடுத்த பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். "தம்பி, ஊர்ப் பொடியனெண்டுதான் உன்னட்டைத் தாறன், பாத்துச் செய்" என்று தொடங்கும் வேலைக்குப் பெரும்பாலும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது. "அண்ணை, இன்னும் ரண்டு பக்கம் கூடச் சேத்தால் காசு கூடும்" என்று திருப்பிச் சொல்ல நா எழாது. அப்படி வரும் வேலை ஒவ்வொன்றும் அன்பால் வருவதுதான். அந்த அன்பு இல்லாவிட்டால் போருக்குப் பின் இங்கே இப்படியொரு தொழிலே தொடங்கியிராது. ஆனால் அந்த வேலைக்குச் செலவாகும் மணித்தியாலம் எழுதப்படாமல் போவதுதான் கேடு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 60 ஆயிரம் ரூபாவுக்கு ஓர் இணையத்தளம் ஏற்கிறோம்; 40 மணித்தியால வேலை என்று மதிப்பிடுகிறோம்; மணிக்கு 1,500 ரூபா. திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்து வேலை 100 மணித்தியாலத்தில் முடிகிறது. மணிக்கு 600. நேரத்தை எழுதிவைக்காத அலுவலகத்தில் இந்த இரண்டு எண்களுக்கும் வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் இரண்டு வகையிலும் வங்கிக்கு வருவது 60 ஆயிரம்தான்.

இந்த 600ஐ எதனோடு ஒப்பிடுவது? அந்த வேலையைச் செய்த பிள்ளையின் உண்மையான செலவோடு. ஒருவரே ஒருவர் வேலைக்கு இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டாயம்: ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம். 50 ஆயிரம் சம்பளம் என்றால் நிறுவனத்தின் கையால் போவது 57,500. அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் சேமலாப நிதியைக் கட்டத் தவறினால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, தாமதம் நீள நீள 50 சதவீதம் வரை போகும். காசு இறுகும் மாதத்தில் முதலில் பிற்போடப்படுவது இந்தக் கட்டணம்தான். கேட்டுக் கதவைத் தட்ட அன்றைக்கு ஒருவரும் வராததால். மீளாய்வில் இதற்கென்று ஒரு வரி இருக்க வேண்டும்: கட்டியாயிற்றா, எந்த மாதம் வரை?

வரிக்கு வருவோம். வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவைக்கு அந்நிய நாணயத்தில் வந்து இலங்கை வங்கியூடாகச் சேர்ந்த வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை வருமான வரி விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு இல்லை. அதன் இலாபத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் வரி. தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா விடுபாடு உண்டு. கம்பனியாகப் பதிந்தவருக்கு அது இல்லை. ஏற்கெனவே பெறுமதி கரைந்துகொண்டிருந்த ஒரு வருமானத்தின் மேல் இது வந்து விழுந்திருக்கிறது. வரியே கட்டாமல் பழகிய காலத்தில் விலை பேசிய ஒப்பந்தங்கள் இன்னும் அதே விலையில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த 15 சதவீதம் முழுவதும் உங்கள் இலாபத்திலிருந்தே போகிறது.

"வங்கியூடாக" என்பதை இன்னொரு தடவை வாசிக்க வேண்டுகிறேன். 2021இல் வங்கி டொலருக்குச் சுமார் 200 ரூபா கொடுத்தபோது, வங்கிக்கு வெளியே காசு கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் வங்கி வழியே அனுப்பிய காசு 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்தது 2022இல் 3.8 பில்லியனுக்குச் சரிந்ததற்கு இந்த வித்தியாசமும் ஒரு பெரிய காரணம். குடும்பக் காசுக்குப் பழகிய உண்டியல் தொழில் காசுக்கும் பழகிவிட்டது. "அங்கை அண்ணையிட்டைக் குடுத்திட்டன், இஞ்சை வீட்டிலை வாங்குங்கோ" என்று இன்வொய்ஸ் தீர்க்கப்படுகிறது. அந்தக் காசு அம்மாவின் கையில் வந்து சீட்டுக்கும் சாமானுக்கும் போய்விடும். நிறுவனத்தின் கணக்கில் அந்த வரவு இல்லை. வங்கியூடாக வராததால் 15 சதவீத உச்சவரம்பின் பாதுகாப்பும் அதற்கு இல்லை. நாளைக்கு வங்கியில் கடன் கேட்கப் போகும்போது காட்டுவதற்கு ஆதாரமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனம் உழைத்ததா நட்டப்பட்டதா என்று சொல்ல இனி ஒருவராலும் முடியாது. கணக்கு தவறாக இருந்தால் திருத்தலாம். பாதி வரவு புத்தகத்துக்கே வராத கணக்கை மீளாய்வு செய்ய வழியில்லை.

எண்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது அற்ப விடயமாகத் தோன்றலாம். அப்படியல்ல. 2009 ஜனவரி 7ஆம் திகதி ஹைதராபாத்தின் சத்யம் கம்பியூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டது உலகை உலுக்கியது. கையிருப்பும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி இந்திய ரூபாவில் 5,040 கோடி இருக்கவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு வெளியிட்ட நிறுவனம் அது. உலகின் பெரிய கணக்காய்வு நிறுவனம் ஒன்று கையொப்பமிட்ட கணக்கு அது. தொடக்கத்தில் சிறிதாக இருந்த இடைவெளி வருடா வருடம் பெருத்தது என்று அவரே எழுதினார். கரவெட்டியில் ஒருவரும் இப்படி மோசடி செய்யப்போவதில்லை. ஆனால் மீளாய்வுக்கு உட்காரும்போது ஞாபகத்திலிருந்து எண் சொல்லும் பழக்கம் எங்கும் இருக்கிறது: "அந்தக் காசு வரும், கட்டாயம் வரும்" என்று வராத காசை வரவாக எழுதுவது, தாமதமான வேலையை முடிந்த வேலையாக எண்ணுவது. ஒருவர் தன்னையே ஏமாற்றிக்கொள்வதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. வங்கிக்கூற்றை அச்செடுத்து வைத்து, அதிலிருந்து மட்டுமே வரவை எழுதுங்கள். வராதது எல்லாம் வேறொரு தாளில், எத்தனை நாள் தாமதம் என்ற குறிப்போடு.

இதை யார் யார் இருந்து செய்வது? தனியாள் ஆலோசகருக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். வேலை செய்தவரும் அவர், விலை பேசியவரும் அவர், தீர்ப்புச் சொல்பவரும் அவர். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் மாதாந்த நிர்வாகக் கூட்டம், கூட்ட அறிக்கைப் புத்தகம், வருடாந்தக் கணக்காய்வு, பொதுச்சபையில் கணக்கை வாசித்தல் என்ற ஒழுங்கை அவை பிடித்து வைத்திருந்தன. தன் கணக்கைத் தான் மட்டும் பார்க்கக்கூடாது என்ற அறிவு அதில் இருக்கிறது. அதே தொழிலில் இல்லாத, கணக்குத் தெரிந்த ஒருவரை, ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி ஊழியரோ, மூன்று மாதத்துக்கு ஒரு பின்னேரம் கூப்பிட்டு எதிரே இருத்துங்கள். அவர் ஆலோசனை சொல்லத் தேவையில்லை. "போன தடவை இதைச் செய்வதாகச் சொன்னாயே, செய்தாயா?" என்று கேட்டால் போதும். கேட்பதற்கு அவரிடம் போன கூட்டத்தின் குறிப்பு இருக்க வேண்டும்; ஆகவே எழுதிவைக்க வேண்டும்.

திகதியைத் தேடி அலைய வேண்டாம். வருமான வரியின் காலாண்டுக் கட்டணங்களுக்கு ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு நாட்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. வரியைக் கணக்கிட எப்படியும் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அந்த நாளுக்கு ஒரு கிழமை முந்தி மீளாய்வை வைத்துக்கொண்டால் ஒரே உழைப்பில் இரண்டும் முடியும். திருவிழாவும் கலியாண வீடும் வந்து நாள் தள்ளிப்போவதற்கு இடமிருக்காது.

இதுவரை சொன்னது வீட்டுக்குள் இருக்கும் கணக்கு. வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பார்க்கும் கணக்கு இன்னொன்று, அதை இங்கே அநேகர் செய்வதே இல்லை. மாதக் கட்டணத்துக்கு வேலை எடுத்தவர் மாதாமாதம் இன்வொய்ஸ் அனுப்புகிறார். லண்டனில் இருப்பவர் மாதாமாதம் கட்டுகிறார். எட்டு மாதம் கழித்து அங்கே வியாபாரம் மந்தமாகிறது. செலவைக் குறைக்கப் பட்டியல் போடும்போது உங்கள் பெயருக்கு நேரே தொகை மட்டும் இருக்கிறது, அந்தத் தொகைக்கு என்ன கிடைத்தது என்று ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "தம்பி, அடுத்த மாதத்திலை இருந்து கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவம்." உறவு முறியாத, சண்டையில்லாத, மரியாதையான முடிவு. அதற்குப் பதில் சொல்ல உங்களிடமும் தாள் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் அவரோடு பேசியிருந்தால் அந்தத் தாள் இருந்திருக்கும். இந்தக் காலாண்டில் என்ன செய்தோம், அதனால் உங்கள் கடைக்கு என்ன வந்தது, எது சரிவரவில்லை, அடுத்த மூன்று மாதத்தில் எது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சரிவராததையும் எழுதுங்கள்; எல்லாம் நன்று என்று சொல்லும் தாளை ஒருவரும் இரண்டாம் தடவை வாசிப்பதில்லை. அவருடைய வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை குறையப்போகிறது என்ற செய்தி ஒரு காலாண்டு முந்தியே அந்தப் பேச்சில் காதில் விழும்.

எந்த வேலை குறைகிறது என்று வகை பிரித்துப் பார்ப்பதும் இப்போது தள்ளிப்போட முடியாத காரியம். கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. மாணவருக்குப் பாட உதவி விற்கும் அமெரிக்க நிறுவனமான செக், தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோது, புதிய வாடிக்கையாளர் சேர்வதைச் சட்ஜிபிடி பாதிக்கிறது என்று சொன்னது. மறுநாள், 2023 மே 2 அன்று, அதன் பங்கு விலை ஒரே நாளில் கிட்டத்தட்டப் பாதியாகியது. அறிமுகத்துக்கும் அடிக்கும் இடையே ஐந்தே மாதம். சிறு மொழிபெயர்ப்பு, பதிவு எழுதுதல், எளிய லோகோ போன்ற துண்டு வேலைகளை நம்பியிருக்கும் அலுவலகம் மொத்த வருமானத்தை மட்டும் பார்த்தால், ஒரு பெரிய ஒப்பந்தம் அந்தத் துண்டு வேலைகளின் வீழ்ச்சியை மூடி மறைத்துவிடும். வகைவாரியாக எழுதிய நிரலில் அது மறையாது.

மீளாய்வின் முடிவு பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: கட்டணத்தைக் கூட்டக் கேட்க வேண்டும். 2021இல் பேசிய 1,000 டொலர் 2021இன் பெறுமதியை மட்டும் மீட்க வேண்டுமென்றால், 2024 முடிவின் வீதத்தில் ஏறத்தாழ 1,100 டொலர் வேண்டும். வரி அதற்கு வெளியே. பத்து சதவீதத்தைக் காரணத்தோடு, மூன்று மாத அறிவித்தலோடு கேட்டால் லண்டனில் இருப்பவருக்கு அது விளங்கும். அவரும் தன் கடையில் விலையைக் கூட்டித்தான் இருக்கிறார். நான்கு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, வங்கியில் ஒன்றுமில்லாத மாதத்தில் ஒரேயடியாக நாற்பது சதவீதம் கேட்டால் அவர் வேறு ஆளைத் தேடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சில அலுவலகங்களுக்குக் கட்டணத்தைக் கூட்டினாலும் ஆள் எண்ணிக்கையைத் தாங்க முடியாது என்று கணக்கு காட்டும். அதைக் கையில் மூன்று மாதச் சம்பளத்துக்குக் காசு இருக்கும்போதே காட்ட வேண்டும், அந்த எண்ணை அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொழும்புக்குப் போகாமல் ஊரிலேயே இருந்து உழைக்கலாம் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். மூன்று மாதம் முந்தித் தெரிந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு நேர்முகத்துக்குப் போவார்கள், வீட்டிலிருந்தே வேறு நிறுவனத்துக்கு வேலை தேடுவார்கள். மூடும் கிழமையில் தெரிந்தால், கடைசிச் சம்பளத்துக்கும், கட்டப்படாத சேமலாப நிதி மாதங்களுக்கும், தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாட்டுப் படிவத்தோடு நிற்க வேண்டிவரும்.